பூளை பூத்த மேடு

ஊர்ப்பெயர்கள் பலவும் அவ்வூர் மண்ணைப் பற்றிய பழைய குறிப்புகளே. கோவையின் பீளமேடு, 'பூளைமேடு' என்பதன் திரிபு என்பார்கள். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் இறவாரத்தில் செருகும் அதே பூளைப்பூதான். இன்று கட்டடங்கள் நெருங்கிய அம்மேட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அது சந்தையில் விலைக்கு வரும் பூ. தன் ஊரை அறியாமல் பள்ளிப்படிப்பை முடித்துவிட முடியும் என்ற நிலை எப்படி வந்தது?

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் குழந்தையின் சூழலையும் பாடத்தின் நடுவே வைத்தது. நூல் நூற்கும் பிள்ளை, பருத்தி எந்த மண்ணில் விளையும், எப்போது மழை வேண்டும் என்று கேட்கும். நிலவியலும் கணக்கும் அக்கேள்விகளிலிருந்தே பிறக்கும் என்பது அதன் நம்பிக்கை. கரிசலும் பருத்தியும் பஞ்சாலைகளும் சூழ்ந்த கோவைக்கு மிகப் பொருந்திய முறை அது. 1930இல் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். ஆதாரக் கல்வியில் பற்றுடையவர் அவர்.

பிறகு வந்தது 1953. ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப்பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. சாதியைத் தொழிலோடு பிணைக்கும் திட்டத்தை மறுத்தது நியாயமே. ஆனால் தொழில்மீது விழுந்த ஐயம், அதனோடு வந்த மண்ணறிவின்மீதும் விழுந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். ஏட்டுப்படிப்பே விடுதலை என்றானது.

அதே காலத்தில்தான் கொங்கு நிலம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. பீளமேட்டுப் பட்டறைகளில் வார்த்த மோட்டார் பம்புகள் ஊர் ஊராகக் கிணற்றுநீரை மேலே கொண்டுவந்தன. கவலை ஓட்டி நீர் இறைத்த காலம் முடிந்தது, கிணறுகள் ஆழமாயின. பம்பு செய்யும் ஊரின் பள்ளியில் நிலத்தடி நீர் முதற்பாடமாக இருந்திருக்க வேண்டும்.

1991 நவம்பரில் எம். சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003 டிசம்பரில் அதற்கான மாதிரிப் பாடத்திட்டத்தை வகுக்குமாறு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவைப் பணித்தது. பாடம் வந்தது. ஆனால் மாநிலம் முழுமைக்குமான ஒரு நூலால், பீளமேட்டுத் தெருவில் விழும் மழை எந்தப் பள்ளத்தின் வழியே நொய்யலைச் சேர்கிறது என்று சொல்ல இயலாது. அது ஆசிரியரால் மட்டுமே இயலும்.

அதற்குப் பெரிய செலவும் வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் கிணறு எத்தனை அடி, இன்று ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். சிங்காநல்லூர்க் குளத்துக்கு ஒருநாள் அழைத்துச் சென்று, நீர் வரும் வாய்க்காலையும் அதில் கலக்கும் கழிவையும் காட்டலாம். எந்தக் குலத்துப் பிள்ளைக்கும் பொதுவான பாடம் இது. மார்கழி முடிவதற்குள் பூளைச்செடி ஒன்றையும் தேடிக் காட்டிவிடலாம்.