ஐந்தாம் ஆண்டோடு முடியாத புலமைப்பரிசில்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோரே, பழைய மாணவர்களே,

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

புலமைப்பரிசில் என்றதும் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைதான். பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி வகுப்புக்கு அனுப்புகிறோம். வெட்டுப்புள்ளி வந்ததும் இனிப்புக் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து அழுகிறோம். அதே பிள்ளை கெம்பஸ் போய் விஞ்ஞானமாணிப் பட்டத்தை நல்ல வகுப்பில் முடிக்கும்போது இன்னொரு புலமைப்பரிசில் காத்திருக்கிறது. ஆராய்ச்சி செய்து முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டம் பெறுவதற்காக அரசாங்கம் மாதாமாதம் தரும் பணம் அது. அதைப் பற்றி எங்கள் வீடுகளில் பேச்சே இல்லை. அது எப்படி வந்தது, யார் அதற்காக உழைத்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

கதை கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். அவருடைய இளைய மகன் அருணாசலம் 1870இல் அரசாங்கத்தின் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வென்று கேம்பிரிட்ஜ் போனார். அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. உயர்படிப்பு வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். அரசாங்கப் பணத்தில் கப்பல் ஏறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குத் தகப்பனின் சொத்துத்தான் வழி.

அருணாசலம் திரும்பி வந்து சிவில் சேவையில் பெரிய பதவிகள் வகித்தார். அத்தோடு நின்றிருந்தால் அவர் கதை ஒரு தனி மனிதரின் வெற்றி மட்டுமே. ஆனால் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றவர் அவர். ஆண்டுக்கு ஓரிருவரைக் கடல் கடத்திவிட்டால் நாட்டுக்குப் போதாது, பல்கலைக்கழகம் இங்கேயே வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. 1921இல் தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று குமாரதுங்க முனிதாச மாவத்தை என்று நாம் அழைக்கும் அதே வீதிதான்.

அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கே தோற்றினார்கள். தேயிலைக்கு 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. ஆனால் இந்த மண்ணின் பிள்ளை ஆராய்ச்சிப் பட்டம் பெற வேண்டுமென்றால் அப்போதும் வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது. காலனி அரசு விஞ்ஞானத்துக்குப் பணம் செலவழிக்காமல் இல்லை. ஆனால் அதில் தோட்டப் பயிர் முதலில் நின்றது, நாட்டுப் பிள்ளை பின்னால் நின்றது.

இனி எங்கள் சமூகத்துக்கு நெருக்கமான ஒருவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, தேர்ஸ்டன் வீதிக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வரலாற்றில் சிறப்பாகச் சித்தியடைந்து, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று 1934இல் பட்டப்பின்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனார். ஒரே தவணைதான். சிவில் சேவைப் பரீட்சையில் சித்தி என்ற செய்தி வந்தது, ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் திரும்பினார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்.

ஆராய்ச்சியா, நிச்சயமான உத்தியோகமா? இந்தக் கேள்வி இன்றும் எங்கள் பிள்ளைகள் முன்னால் அப்படியே நிற்கிறது. அஸீஸ் உத்தியோகத்தைத் தெரிவுசெய்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஏனென்றால் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தவரும் அவரே. வசதியில்லாத முஸ்லிம் பிள்ளை படிப்பை இடையில் விடக்கூடாது என்பதற்காக அந்த நிதி. பிறகு 1948இல் அந்தச் சிவில் சேவையையே விட்டு மருதானை ஸாஹிராவின் அதிபரானார். அருணாசலமும் அஸீஸும் அரசாங்கம் கட்டிய பாலத்தில் நடந்து போனவர்கள். இருவரும் திரும்பி வந்து அடுத்தவருக்குப் பாலம் கட்டினார்கள்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது, பட்டம் கொடுக்கும் அதிகாரமும் வந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீண்டது. 1950இல் கொழும்பில் நடந்த மாநாட்டில் கருக்கொண்ட கொழும்புத் திட்டமும், 1960 முதல் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் எங்கள் பட்டதாரிகளை வெளியே அழைத்துச் சென்றன. பல்கலைக்கழகம் தன் விரிவுரையாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பிணைமுறி எழுதி வாங்கியது: படித்து முடித்து இத்தனை வருடம் இங்கே சேவை செய்ய வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும். அது இன்றும் உண்டு.

பிணைமுறி ஆளைக் கொண்டுவரும், நெடுநாள் வைத்திருக்காது. கணிதப் பேராசிரியர் சி.ஜே. எலியேசரைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற போல் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். கொழும்பில் பேராசிரியராக இருந்து பலரை உருவாக்கினார். பின்னர் மலாயாவுக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார். ஆராய்ச்சியாளரை உருவாக்குவதோடு ஆராய்ச்சிக்கு இங்கேயே இடமும் பணமும் வேண்டும் என்பதை நாடு மெதுவாகத்தான் உணர்ந்தது.

1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை அமைந்தது. 1980களில் அதன் இடத்துக்கு நாரேசா என்ற அதிகாரசபை வந்தது. 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1998இல் தேசிய விஞ்ஞான மன்றம் உருவானது. கொழும்பு 7, மெயிட்லண்ட் பிளேஸில் இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாக ஆராய்ச்சிப் பட்டம் செய்பவருக்கு உதவித்தொகை கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. தேசிய ஆராய்ச்சிப் பேரவை என்று இன்னொரு நிறுவனமும் உண்டு. அது பணத்தைப் பேராசிரியரின் ஆய்வுத்திட்டத்துக்குக் கொடுக்கும். அந்தத் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேரும் மாணவர் சம்பளமும் பெற்று, பட்டத்துக்கும் பதிவுசெய்துகொள்வார். கண்டி ஹந்தானையில் 1981இன் சட்டத்தால் அமைந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலும் ஏறக்குறைய இதே வழிதான்.

1870இல் கடல் கடந்து தேட வேண்டியிருந்தது இன்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கிறது. பெண் பிள்ளையைத் தூர இடத்தில் தங்கவிடத் தயங்கும் வாப்பா, உம்மாமாருக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். பல்கலைக்கழகங்களில் எங்கள் பெண் பிள்ளைகள் திறமையாகச் சித்தியடைகிறார்கள். பட்டம் சுவரில் தொங்குவதோடு கதை முடிய வேண்டியதில்லை.

கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. உதவித்தொகை பெரிய தொகை இல்லை. டியூஷன் கொடுத்தாலே அதைவிடக் கூட உழைக்கலாம். கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று, நான்கு வருடம் போகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர்கள் பலர் வெளியேறினார்கள், ஆய்வுகூடப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. அரசாங்கத் திட்டம் என்றைக்கும் இருக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. இந்தியாவில் சிறுபான்மை மாணவரின் ஆராய்ச்சிக்காக 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. யாரும் கேட்டு வராத திட்டத்தை வரவுசெலவில் வெட்டுவது இன்னும் லேசு.

ஆகவே மூன்று விடயம் சொல்கிறோம்.

ஒன்று, இது பரீட்சை எழுதி வெல்லும் பரிசு இல்லை. முதலில் மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். இறுதி ஆண்டிலேயே விரிவுரையாளர்களிடம் போய், என்ன ஆய்வு நடக்கிறது, இடம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு, தகுதியும் தொகையும் காலத்துக்குக் காலம் மாறும். முகநூலில் யாரோ சொன்னதை நம்பாமல், அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலையே பாருங்கள். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவது மலைப்பாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

மூன்றாவது, வசதியுள்ள உறவுகளுக்கு. பாடசாலைப் பிள்ளைக்குக் கொப்பி, புத்தகம் வாங்கிக் கொடுக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு, உதவித்தொகைக்கும் வீட்டுச் செலவுக்கும் இடையிலுள்ள குறையை நிரப்புவதும் அதே நன்மைதான். அஸீஸ் அவர்கள் 1945இல் யோசித்ததும் இந்த இடைவெளியைத்தான்.

இந்த வருடம் பட்டம் முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில், உங்கள் மாடித்தொடரில் யாராவது இருந்தால் இதை அவருக்குக் காட்டுங்கள். "எப்போது வேலை?" என்று கேட்பதற்கு முன்னால், "மேலே படிக்க ஆசையா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.