பொத்தான் இல்லாத படை

நான் பழைய ராணுவப் பொத்தான் சேர்க்கிறவன். பெரும்பாறை காப்பித் தோட்டங்களில் குனிந்தே நடப்பேன். "இந்த மலைல என்னத்தப்பா தேடுற?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) பொத்தானே சாட்சி. கழுகின் கேடயத்தில் 'ஐ' இருந்தால் வடக்கின் காலாட்படை அதிகாரி, 'சி' என்றால் குதிரைப்படை. 'சி.எஸ்.ஏ.' என்றிருந்தால் தெற்கு. இரண்டு தரப்பும் மண்ணில் அடையாளம் விட்டுப் போயிருக்கின்றன.

நம் பாளையக்காரர் போரை (1800–1801) உள்நாட்டுப் போர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கம்பெனி பக்கம் புதுக்கோட்டைத் தொண்டைமான் நின்றார், எட்டயபுரம் நின்றது. சிப்பாய்களிலும் நம்ம ஊர்க்காரர்கள் உண்டு. எதிரே, இந்த மலையடிவாரத்து விருப்பாட்சியின் கோபால் நாயக்கர். திண்டுக்கல் கூட்டமைப்பை நடத்திய அவரை 1801இல் தூக்கிலிட்டார்கள்.

பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் 1767 முதலே தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறித்தன. பாளையத்து வீரனுக்குக் கோட்டு ஏது, பொத்தான் ஏது? துணி மக்கும், உலோகம் தங்கும். பொத்தானை மட்டும் நம்பினால் கோபால் நாயக்கருக்குப் படையே இல்லை என்றாகிவிடும். அதனால்தான் கிடைத்த பொத்தானின் பக்கத்தில், எது கிடைக்க வழியே இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். சேகரிப்பவன் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை அது.