நாழியும் கிலோவும்: ஓர் அளவை மாற்றத்தின் வரலாறு

தமிழின் அளவைப் பெயர்கள் ஏட்டில் பிறந்தவை அல்ல. உடலிலும் அடுக்களையிலும் களத்திலும் பிறந்தவை. விரித்த கையின் பெருவிரல் நுனிக்கும் சிறுவிரல் நுனிக்கும் இடைப்பட்டது சாண். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை முழம். வேலியில் படரும் கொடியின் விதையாகிய குன்றிமணி பொன்னை நிறுக்கும் எடையாயிற்று. ஆழாக்கும் உழக்கும் அளவுகள் மட்டுமல்ல. அளக்கும் பாத்திரங்களின் பெயர்களும் அவையே. மீட்டரின் பிறப்பு வேறு. 1795ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுச் சட்டம் அதனை வகுத்தது. வடமுனையிலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கு என்பது அதன் இலக்கணம். எவர் கைக்கும் எட்டாத அந்த அளவை 1957க்கும் 1962க்கும் இடையே தமிழகத்துக் கடைத்தெருவுக்கு வந்தது. கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே மக்கள் அதனைக் கற்க வேண்டியிருந்தது.

பழைய முறை

முகத்தலளவையின் அடிப்படை இரட்டித்தலாகும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எழுத்தறியாதவரும் பாதியாக்கவும் இரட்டிக்கவும் வல்லவர். ஆதலின் இம்முறைக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டியதில்லை. எடுத்தலளவையில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. தோலா என்பது ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 11.66 கிராம். மடியிலிருந்த நாணயமே தராசுக்குரிய எடையாகவும் விளங்கிற்று.

இம்முறையின் குறை அதன் பன்மையில் இருந்தது. சென்னைப் பகுதியின் சேர் 24 தோலா. வடநாட்டுச் சேர் 80 தோலா. பெயர் ஒன்று, எடையோ மூன்று மடங்குக்கும் மேல் வேறுபட்டது. படியும் ஊருக்கு ஊர் மாறிற்று. ஒரே படியிலும் குவித்து அளப்பது வேறு, தலைதட்டி அளப்பது வேறு. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தலைதட்டியும் அளப்பவர் கையில் ஏழையின் உணவு குறைந்தது. ஒருமை வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலையும் அதே பெயருடைய எடைக்கல்லையும் குறிப்பிடுகின்றன. இறைவன் பெயரால் அமைந்த அளவையைக் குறைக்க எவரும் அஞ்சுவர் என்பது அப்பெயரீட்டின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

காலணாவின் இழப்பு

நாணயச் சட்டம் 1955இல் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. எடை, அளவைச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962இல் மெட்ரிக் எடைகள் கட்டாயமாயின. முதலில் நாணயம், பின்னர் எடை என்ற இவ்வரிசை பொருத்தமானது. காசு எல்லார் கையிலும் புழங்குவது. நூறு பைசா ஒரு ரூபாய் என்று பழகிய கைக்கு ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்பது அயலாகத் தோன்றாது.

எனினும் மாற்றுக்கணக்கு எல்லார்க்கும் ஒன்றுபோல் அமையவில்லை. பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு பைசாவானபோது ஓரணா 6¼ நயா பைசா ஆயிற்று. அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் விடப்பட்டன; அரைக்கு மேற்பட்டது முழுப் பைசாவாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஓரணாவுக்கு 6 பைசா. கால் அணாவோ 1.56 பைசா, செலுத்த வேண்டியது 2 பைசா. ஓரணாவுக்குச் சரக்கு வாங்கியவர் கால் பைசா மிச்சம் பெற்றார். காலணா காலணாவாக நான்கு முறை வாங்கியவர் அதே சரக்குக்கு 8 பைசா கொடுத்தார். மொத்தமாக வாங்க வழியில்லாதவர்க்கே இழப்பு நேர்ந்தது.

எடையிலும் இவ்விழிப்பு வேண்டியிருந்தது. ஒரு வீசை 1.4 கிலோ, ஒரு பலம் 35 கிராம். வீசைக்கும் கிலோவுக்கும் உள்ள தகவு ஏழுக்கு ஐந்து. வீசை 70 பைசாவுக்கு விற்ற புளி கிலோ 50 பைசாவுக்குக் கிடைத்தால்தான் விலை ஏறவில்லை என்று பொருள். வீசைக்குரிய விலையையே கிலோவுக்கும் கொடுத்தவர் ஏழில் இரண்டு பங்கு சரக்கை இழந்தார். ஆகவே அளவை மாற்றக் கல்வி அன்று தற்காப்புக் கல்வியாகவும் இருந்தது.

கைப்பொருள் தரும் கல்வி

கணக்கு அறியாதவர்க்கும் இவ்வளவைகளைக் காட்டக்கூடிய பொருள்கள் வீட்டிலேயே இருந்தன. அந்நாளைய 50 நயா பைசா நாணயத்தின் எடை 5 கிராம். இரண்டு சேர்ந்தால் 10 கிராம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் கொண்ட பெட்டி ஒரு லிட்டர் கொள்ளும். அதில் நிறையும் நீரின் எடை ஒரு கிலோ. முழத்துக்கும் படிக்கும் பலத்துக்கும் இடையே இத்தகைய உறவு இருந்ததில்லை. நீளம், கொள்ளளவு, எடை மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிக் காட்டுவது மெட்ரிக் முறையின் சிறப்பு. அதே பெட்டியில் அரிசியை நிரப்பினால் எடை ஒரு கிலோவுக்குக் குறையும். அரிசி படியிலிருந்து கிலோவுக்கு மாறியபோது முகத்தல் நிறுத்தலாயிற்று. அம்மாற்றத்துக்கு வாய்பாடு மட்டும் உதவாது. படியை நிரப்பித் தராசில் இட்டுப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது.

நாவின் அளவை

சட்டம் எடைக்கல்லை மாற்றிற்று, நாவை மாற்றவில்லை. சட்டப்படியான எடைகள் 500, 200, 100, 50 கிராம் என்ற வரிசையில் அமைந்தன. மக்களோ ‘கால் கிலோ’ கேட்டனர். கடைக்காரர் 200 கிராமையும் 50 கிராமையும் சேர்த்துத் தட்டில் வைத்தார். பாதியாக்கிப் பழகிய பழந்தமிழ்க் கணக்கு, பத்தால் பெருகும் புதிய அளவையின் மேல் இவ்வாறு ஏறி அமர்ந்தது.

மெட்ரிக் எடைகள் கட்டாயமாகி ஐந்தாண்டு கழிந்தபின், 1967 தேர்தலில் அறிஞர் அண்ணா அளித்த உறுதிமொழி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது. அவர் கிலோ என்று சொல்லவில்லை. பசித்தவர் அரிசியை எண்ணிய அளவை அன்றும் படியாகவே இருந்தது. 25 பைசா நாணயம் 2011இல் செல்லாததாகும் வரை அதனை ‘நாலணா’ என்றழைத்தோர் பலர். பொற்கடையில் பவுன் என்னும் பழம்பெயர் 8 கிராம் என்னும் புதுப்பொருளோடு வாழ்கிறது. பட்டாவில் நிலம் ஹெக்டேராக இருக்க, பேச்சில் அது சென்ட்டாகவே உள்ளது. பூக்கடையில் இன்றும் விற்பவரின் கையே முழக்கோல்.

கிலோவுக்கும் ஒரு பொருள் மூலமாக இருந்தது. பாரிசுக்கு அருகில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையே உலகின் கிலோவாகக் கருதப்பட்டது. அதன் 57ஆம் எண் படி இந்தியாவுக்கு உரியது. 2019 மே 20 முதல் அவ்வுருளைக்கு அத்தகுதி இல்லை. பிளாங்க் மாறிலி என்னும் இயற்பியல் எண்ணே கிலோவை வரையறுக்கிறது. பித்தளைப் படிக்கு நேர்ந்தது பிளாட்டின உருளைக்கும் நேர்ந்தது.

நாழியும் உழக்கும் பழம்பாடல்களில் வருந்தோறும் உரையாசிரியர் ‘ஓர் அளவு’ என்று எழுதிக் கடந்துவிடுவதுண்டு. உழக்கை ஏந்திய கை உள்ளவரை அவ்வுரை போதுமானதாக இருந்தது. இன்றைய மாணவர்க்கு அது போதாது. கால்படி அரிசியின் கனம் தெரியாதவருக்குப் புலவர் பாடிய வறுமையின் அளவும் தெரியாது. பழைய படியொன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, அரிசி நிரப்பி, மாணவர் கண்முன் நிறுத்துக் காட்டுவது அறிவியல் ஆசிரியருக்கு மட்டுமன்றித் தமிழாசிரியருக்கும் உரிய பணியாகும்.