கோயிற்காடு கற்பித்த பாடம்: வனவியலறிஞர் வால்டர் லௌடர்மில்க்

சீன நாட்டின் வடபகுதியில் 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் மடிந்தனர் என்பது அக்காலத்து மதிப்பீடு. உலகின் பல பகுதிகளிலிருந்து அறச்செல்வர்கள் பொருள் அனுப்பினர். பஞ்சம் தணிந்த பின் எஞ்சிய நிதியின் ஒரு பகுதி, இனியொரு பஞ்சம் நேராமல் தடுக்கும் வழியை ஆராய்வதற்கென நாங்கிங் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. பசித்தவர்க்கு உணவிடுவது ஓர் அறம். பசி தோன்றும் காரணத்தைக் கண்டு களைவது அதனினும் அரிய அறம். அவ்வரிய பணியில் ஈடுபட்டவருள் ஒருவர் வால்டர் கிளே லௌடர்மில்க் என்னும் அமெரிக்க வனவியலறிஞர்.

அவர் 1888-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் குடும்பம் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தமையால் அரிசோனாவின் வறண்ட நிலத்தை நன்கறிந்து வளர்ந்தார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்றார். முதல் உலகப்போர்க் காலத்தில் பெல்ஜியம் நாட்டு மக்களுக்கு உணவு வழங்கும் பணியிலும் தொண்டாற்றினார். பின்னர் அமெரிக்க வனத்துறையில் அலுவல் ஏற்றார். மெதடிஸ்ட் கிறித்தவ நெறியில் ஆழ்ந்த பற்றுடைய அவருக்கு, தாம் கற்ற கல்வி இறைப்பணிக்கு உரியது என்னும் எண்ணம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது.

1922-ஆம் ஆண்டு அவர் இனெஸ் மார்க்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் சமயத் தொண்டராக இருந்து பெண் கல்விக்கு உழைத்தவர். சிறுமியரின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் கொடிய வழக்கத்தை எதிர்த்தவர். மணம் முடித்த அவ்வாண்டிலேயே இருவரும் சீனாவுக்குக் கப்பலேறினர். கணவர் மேற்கொண்ட பணியைத் தம் பணியாகவும் கருதி உடன் நின்ற இல்லத்துணையை அவர் பெற்றமை, அவருடைய பிற்கால வாழ்வு முழுவதிலும் புலப்படும்.

சீனாவில் மஞ்சளாற்றைக் கண்டபோது பஞ்சத்தின் மறுமுகம் அவருக்குத் தெரிந்தது. அந்த ஆறு சுற்றியுள்ள சமவெளியைவிட உயர்ந்த மேட்டின்மீது, இருபுறமும் மனிதர் எழுப்பிய கரைகளுக்கு இடையே ஓடிற்று. மேல்நிலத்திலிருந்து அடித்துவரும் வண்டல் ஆண்டுதோறும் ஆற்றின் அடியில் படியப் படிய, மக்களும் கரையை உயர்த்திக்கொண்டே வந்தனர். கரை உடைந்தால் ஊர்கள் மூழ்கும், பயிர் அழியும், பஞ்சம் தொடரும். கரையை உயர்த்துவதால் நோய் தீராது, அவ்வளவு மண்ணும் எங்கிருந்து வருகிறது என்று காணவேண்டும் எனத் தெளிந்த அவர், ஆற்றின் மூலத்தைத் தேடி ஷான்சி முதலிய மேட்டுநில மாவட்டங்களுக்குச் சென்றார்.

அங்கே மலைச்சரிவுகள் மரமின்றி மொட்டையாகக் கிடந்தன. பல தலைமுறைகளாக மக்கள் சரிவுகளில் காட்டை அழித்து உழுததால், மழைநீர் மண்ணை அறுத்துப் பெரும்பள்ளங்களை உண்டாக்கியிருந்தது. ஆயின் அவ்வறண்ட நிலத்தின் நடுவே ஆங்காங்கே பசுமைத் திட்டுகள் தென்பட்டன. அவை பௌத்தக் கோயில்களைச் சூழ்ந்த காடுகள். துறவியரின் காவலாலும் மக்களின் பக்தியாலும் அம்மரங்கள் கோடரிக்குத் தப்பியிருந்தன. அரசின் ஆணை காக்க இயலாத காட்டை வழிபாடு காத்திருந்தது. நாடு வறண்டதற்கு மழை குறைந்ததே காரணம் என்று அக்காலத்தில் பலரும் கருதினர். அதே மழையைப் பெற்று, அதே மண்ணில் நின்ற கோயிற்காடு தழைத்திருக்க, அடுத்த சரிவு பாழாய்க் கிடந்ததைக் கண்ட லௌடர்மில்க், அக்கருத்தை ஐயுற்றார்.

ஐயத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கோயிற்காட்டினுள்ளும் மொட்டைச் சரிவிலும் சிறு பாத்திகளை வகுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வழியும் மழைநீரையும் அதனோடு வரும் மண்ணையும் சீன மாணவர்களின் துணையோடு அளந்தார். காட்டினுள் பெய்த மழை பெரும்பாலும் நிலத்துள் இறங்கியது. மொட்டை நிலத்தில் பெய்தது மண்ணைச் சுமந்து ஓடியது. பல நூற்றாண்டுகளாகப் பக்தியால் காக்கப்பட்ட காடு இவ்வாறு ஓர் அறிவியல் சோதனைக்குச் சான்றாக அமைந்தது.

1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாங்கிங் நகரில் பெருங்கலவரம் மூண்டது. பல்கலைக்கழகத் துணைத் தலைவர் ஜான் வில்லியம்ஸ் கொல்லப்பட்டார். அயல்நாட்டார் பலரைப் போலவே லௌடர்மில்க் குடும்பமும் உயிர்தப்பிச் சீனாவை விட்டு நீங்க நேர்ந்தது. ஐந்தாண்டு உழைப்பு பாதியில் நின்றபோதும் அவர் மனம் தளரவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மாணவராக மீண்டும் அமர்ந்து, 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவர் செய்த சோதனை வனவியலில் இன்றும் போற்றப்படுகிறது.

காட்டில் உதிரும் சருகு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான் வெள்ளம் தணிகிறது என்பது அதுவரை நிலவிய கருத்து. மண் நிரப்பிய தொட்டிகளில், சிலவற்றைச் சருகால் மூடியும் சிலவற்றைச் சருகின்றியும் வைத்துச் செயற்கை மழை பெய்வித்து அவர் ஆராய்ந்தார். சருகு தானே உறிஞ்சும் நீர் சிறிதளவே எனக் கண்டார். மழைத்துளி வெறுந்தரையில் நேரே விழும்போது மண் கலங்குகிறது. கலங்கிய நீரின் நுண்துகள்கள் நிலத்தின் சிறு துளைகளை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளிறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. சருகு மூடியிருந்தால் நீர் தெளிந்த நிலையிலேயே மண்ணை அடைவதால் துளைகள் திறந்திருக்கின்றன. கிணறும் ஊற்றும் வற்றாமைக்கு, காலடியில் மிதிபடும் சருகு செய்யும் தொண்டு எத்துணைப் பெரிது என்பதை இச்சோதனை காட்டிற்று.

1933-இல் அமெரிக்க அரசு மண்ணரிப்புத் தடுப்புத் துறையைத் தொடங்கியபோது, அதன் தலைவர் ஹியூ பென்னட் என்பாருக்குத் துணைநின்று லௌடர்மில்க் பணியாற்றினார். பழைய நாடுகள் தம் நிலத்தை எவ்வாறு ஆண்டன என்று அறிந்துவர 1938-இல் அவர் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். மனைவியும் இரு பிள்ளைகளும் அந்நெடும் பயணத்தில் உடன் சென்றனர். பாழ்நகரங்களும் பாலை வழிகளும் அப்பிள்ளைகளுக்குப் பள்ளியாயின.

வட சிரியாவில் ஆளற்றுக் கிடந்த கல்நகரங்களின் வாயிற்படிகள் தரைக்கு மேல் உயர்ந்து நிற்பதை அவர் கண்டார். அடித்துச் செல்லப்பட்ட மண்ணின் ஆழம் மூன்று முதல் ஆறடி வரை இருக்கும் எனக் கணித்தார். லெபனான் மலையில் ஒருகாலத்தில் பரந்திருந்த கேதுருக் காடு சில சிறு தோப்புகளாகக் குறுகியிருந்தது. அவற்றுள் புகழ்பெற்ற தோப்பை மாரோனியத் திருச்சபை புனிதமெனப் பேணிவந்தது. ஆடுகள் புகாதவாறு 1876-இல் விக்டோரியா அரசியின் பொருளுதவியால் சுற்றுமதிலும் எழுப்பப்பட்டது. மதிலுக்குள் இளங்கன்றுகள் முளைத்தன. சீனக் கோயிற்காட்டில் கற்ற பாடம் இங்கும் அவருக்கு உறுதிப்பட்டது.

1939-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எருசலேம் வானொலியில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். மோசேக்கு அருளப்பெற்ற பத்துக் கட்டளைகளோடு, மண்ணையும் நீரையும் காட்டையும் வழிவழியாகக் காப்பது மாந்தர் கடன் என்னும் பதினோராம் கட்டளையும் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். அறிவியலாளர் ஒருவர் தம் ஆய்வின் முடிவை அறத்தின் மொழியில் சொன்ன அவ்வுரை பல நாடுகளில் பரவியது. அப்பயணத்தின் பயனாக எழுந்த, ஏழாயிரம் ஆண்டுக்கால நில வரலாற்றைக் கூறும் அவருடைய சிறுநூலை அமெரிக்க வேளாண் துறை பலமுறை அச்சிட்டு வழங்கியது.

அவருடைய கருத்துகள் அனைத்தும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன அல்ல. 1944-இல் வெளிவந்த அவருடைய பாலஸ்தீன நூல் அந்நாட்டு நில உரிமைப் பூசலில் யூதக் குடியேற்றத்தின் சார்பில் நின்றது. அரபு உழவரையும் ஆயரையும் அது நடுநிலையோடு நோக்கவில்லை என்னும் குறை கூறப்படுகிறது. நகரங்கள் பாழானதற்குப் போரும் வணிக மாற்றமும் காரணமாகலாம், மண்ணரிப்பு ஒன்றே காரணமன்று எனப் பிற்கால அறிஞர் எடுத்துரைத்தனர். ஆயினும் நிலத்தின் மேற்போர்வையை அகற்றினால் நீரும் மண்ணும் ஒருங்கே இழக்கப்படும் என அவர் அளந்து காட்டிய உண்மை நிலைத்து நிற்கிறது.

ஓய்வு பெற்ற பின்னும் இஸ்ரேல், ஜப்பான் முதலிய நாடுகளுக்கு அறிவுரை வழங்கச் சென்ற அவர், 1974-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பெர்க்லியில் தம் 85-ஆம் அகவையில் இயற்கை எய்தினார். ஐம்பதாண்டுக்கு மேல் நீண்ட இல்லறமும் ஆய்வறமும் அவரிடத்தில் ஒன்றுக்கொன்று இடையூறாகவில்லை.

மண்ணையும் நீரையும் மரத்தையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் கருதி, வேண்டாது அகழ்தலும் வேண்டாது வெட்டுதலும் தீவினை என்று போற்றிவரும் குடும்பங்களுக்கு அவர் வேற்று நெறியினர். ஆயினும் அவர் கண்ட உண்மை அயலானதன்று. கோயிலைச் சூழ்ந்த மரங்களையும் அவற்றின் கீழ்க் கிடக்கும் சருகையும் குப்பையெனக் கூட்டி எரிக்காமல் விட்டுவைக்கும் ஊரில், கோடையிலும் கிணற்றில் சிறிது நீர் தங்கும்.