துவக்குக் குழலும் வெந்நீரும்

இரும்புக்கு நீர் பகை, எண்ணெய் துணை என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆயினும் வேட்டைத் துவக்கின் வரலாற்றில் இவ்விரண்டும் தத்தம் இடத்தை மாற்றிக்கொண்ட ஒரு காலம் உண்டு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்காலம், வேட்டைக்காரரும் படைவீரரும் சுட்டு முடிந்த துவக்கின் குழலை எண்ணெய் தோய்ந்த துணியால் கருத்தோடு துடைத்து வைத்தனர். சில நாட்கள் கழிந்தபின் எடுத்துப் பார்த்தால், குழலின் உட்புறம் செந்துரு படிந்து கிடந்தது. துருவைச் சுரண்டி மீண்டும் எண்ணெய் பூசினர். துருவும் மீண்டும் வந்தது. சோம்பலுற்ற வீரன் என்று தண்டனை பெற்றவர் பலர். குற்றமோ வீரனிடம் இருக்கவில்லை.

இதன் மூலத்தை அறிய, பழைய கருமருந்தின் காலத்துக்குச் செல்லல் வேண்டும். கருமருந்தின் நூறு பங்கில் வெடியுப்பு எழுபத்தைந்து, கரி பதினைந்து, கந்தகம் பத்து என்பது நெடுங்காலம் வழங்கிய அளவு. அது எரியும்போது முழுவதும் வாயுவாகிப் போய்விடுவதில்லை. 1870-களில் நோபிள், ஏபல் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் மூடிய கலங்களில் அதனை எரித்து அளந்தபோது, நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திண்பொருளாகவே எஞ்சுவதைக் கண்டனர். பொற்றாசியத்தின் உப்புகளும் கந்தகச் சேர்க்கைகளும் கலந்த அக்கரிய கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். சுட்ட துவக்கை ஓர் இரவு கழுவாமல் விட்டால் போதும். அதனால் அக்காலத்தவர் துவக்கை வெந்நீரால் கழுவினர். அழுகிய முட்டையின் நாற்றத்தோடு கருநீர் வழிந்தோடும். நீர் தெளிந்து வரும்வரை ஊற்றுவர். வெந்நீரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அது உப்பை விரைவிற் கரைப்பதோடு குழலையும் சூடாக்கிவிடுவதால், உள்ளே தங்கிய ஈரம் தானே உலர்ந்துபோகும். அதன் பின்னரே எண்ணெய்.

இந்நிலையில் துவக்கினுள் புதிய உப்பொன்று புகுந்தது. ஸ்கொத்லாந்தில் பெல்கெல்வி என்னும் ஊரின் குருவானவர் அலெக்சாந்தர் போர்சித் நீர்ப்பறவை வேட்டையில் விருப்பமுடையவர். சக்கிமுக்கித் துவக்கின் தீப்பொறியைக் கண்டு, சன்னம் வந்து சேருமுன்னரே பறவைகள் கலைந்துபோவது அவருக்குப் பெருங் குறையாயிற்று. அடித்தால் வெடிக்கும் மருந்தினால் துவக்கைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-ல் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வகை மருந்துகளில் இடம்பெற்றது பொற்றாசியம் குளோரேற்று. பின்னர் வந்த செப்புக் கேப்புகளிலும், அதற்குப் பின்னர் வந்த தோட்டாக்களின் அடியில் பதிக்கப்பட்ட கேப்புகளிலும் அது இரச பல்மினேற்றோடு கூடி நிலைபெற்றது. குளோரேற்று வெடித்தபின் எஞ்சுவது பொற்றாசியம் குளோரைட்டு. அது கறியுப்பின் உடன்பிறப்பு என்னத் தக்கது. மாரிகாலத்திற் சமையலறை உப்புச்சட்டி கசிந்து நீர் விடுவதைக் கண்டவர்க்கு, அவ்வுப்பு இரும்புக் குழலினுள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கருமருந்து வழங்கியவரை இப்புதிய உப்பினால் தனியே தீங்கு தோன்றவில்லை. கருங்கசட்டைக் கழுவிய வெந்நீரே இதனையும் கழுவிச் சென்றது. 1860-களில் சுல்ட்ச என்னும் பிரசியப் படையதிகாரி மரத்தைக்கொண்டு வேட்டைத் துவக்குக்கான நைத்திரோ மருந்தைச் செய்தார். 1884-ல் பிரான்சில் போல் வியெல் புகையற்ற மருந்தை ஆக்கினார். புதிய மருந்தைச் சுட்டபின் குழல் தூய்மையாகவே தோன்றியது. கருங்கசடு இல்லை, ஆதலால் கழுவுதலும் இல்லை என்று பலர் முடிவு செய்தனர். அம்முடிவே கேட்டுக்கு வழியாயிற்று. கேப்பின் உப்பு குழலினுள்ளே தங்கிவிட, அதன்மேல் எண்ணெய் பூசப்பட்டது. எண்ணெயில் உப்புக் கரையாது. துருவுக்கான பழி புகையற்ற மருந்தின் அமிலத்தின்மீது விழுந்தது. அவ்வமிலத்தைப் போக்கவென்று கடைகளிற் பலவகைத் திரவங்கள் விலைப்பட்டன.

முதலாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த வில்பேட் கவ் இப்பொருளை ஆராய்ந்து, குற்றவாளி கேப்பிலுள்ள உப்பே என்றும் அதனை நீரால் அகற்றலாம் என்றும் நிறுவினார். வினோதம் யாதெனில், பிரித்தானியப் படையில் லீ-என்பீல்டு துவக்கின் குழலுக்குப் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றும் வழக்கம் முன்னரே இருந்தது. காரணம் தெளிவுறாத காலத்திலும் கைப்பழக்கம் சரியாகவே நடந்தது. 1920-களின் பிற்பகுதியில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் குளோரேற்று இல்லாத கேப்புகள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் அமெரிக்கப் படை 1950-கள் வரை பெரும்பாலான தோட்டாக்களிற் பழைய கேப்பையே வைத்திருந்தது. 1941-ல் ஏற்கப்பட்ட எம்-1 காபைன் மட்டும் தொடக்கத்திலேயே விலக்குப் பெற்றது. அதன் வாயு உறுப்பைக் களத்திற் கழற்றிக் கழுவ வசதி இன்மையே காரணம்.

இவ்வரலாறு, பரணிலோ பெட்டியிலோ பல்லாண்டு கிடந்த இரட்டைக்குழல் துவக்கைச் செப்பனிடுவோனுக்கு நேரே பயன்படுவது. அவன் முதலிற் பார்க்க வேண்டியது துரு அன்று. துவக்கினுள் மருந்து இருக்கிறதா என்பதே. வாய்வழி மருந்திடும் பழந் துவக்குகள் பல, நிரப்பியபடியே மறக்கப்பட்டுக் கிடப்பதுண்டு. உலர்ந்த கருமருந்து தலைமுறைகள் கடந்தும் தன் வலிமையை இழப்பதில்லை. ஒரு கோலைக் குழலினுட் செலுத்தி, அது செல்லும் ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

அடுத்தது குழலின் உட்புறம். மேலோடிய துருவைச் செப்புத் தூரிகையும் எண்ணெயும் போக்கும். உப்பு அரித்த குழிகள் அவ்வாறு போகா. அவற்றை மறைக்க எமரித் தூளால் தேய்ப்போர் உளர். குழி மறையும், அதனோடு சுவரும் மெலியும். மெலிந்த சுவர் பிளப்பது பெரும்பாலும் இடக்கை பற்றியிருக்கும் இடத்திலேயாம். ஆதலின் பளபளப்பான குழலைக் கண்டு மகிழ்வதிலும், சுவரின் கனத்தை அளந்து பார்ப்பது அறிவுடைமை. இரும்பையும் உருக்கையும் பட்டைகளாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த தமஸ்கஸ் குழல்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். பற்றின் இடையே புகுந்த துரு கண்ணுக்குத் தெரியாது.

வெளிப்புறத்துக்குக் கருநிறம் ஊட்டும் முறையோ வேடிக்கையானது. துருவை நீக்கிய குழலுக்கு மீண்டும் துரு ஏற்றுகின்றனர்! அமிலக் கரைசல் பூசி ஈரக்காற்றில் வைக்க, மெல்லிய செந்துரு படரும். குழலை நீரிற் கொதிக்கவைத்தால் அச்செந்துரு கரிய ஒட்சைட்டாக மாறும். நுண்ணிய கம்பித் தூரிகையாற் பொடியை நீக்கி, இதனைப் பலமுறை திரும்பச் செய்ய, நிலைத்த கருமை உண்டாகும். எரிசோடாக் கரைசலில் அமிழ்த்திக் கறுக்கவைக்கும் விரைவு முறையும் உண்டு. ஆனால் இரட்டைக்குழல்களை இணைக்கும் ஈயப் பற்றாசை அக்கரைசல் தின்றுவிடும். குழல்கள் பிரியவும் கூடும். பொறுமையற்றவர் கையிற் பல நல்ல துவக்குகள் இவ்வாறு அழிந்தன.

மரக்கட்டையிலும் எண்ணெயின் வேலையைக் காணலாம். வாய் மேலாக நிறுத்திவைத்த துவக்கில், பொறியிற் பூசிய எண்ணெய் ஆண்டுக்கணக்காகக் கீழிறங்கி, கட்டையின் தலைப்பகுதியைக் கறுப்பாக்கி மென்மையாக்கிவிடும். சீமைச்சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசி அந்த எண்ணெயை உறிஞ்சவிட்டு, அதன்பின் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கையால் தேய்ப்பது துவக்குத் தொழிலாளர் வழக்கம்.

செப்பனிட்ட துவக்கு சுடத் தக்கதா என்பதைக் கண் சொல்லாது. இலண்டனில் துவக்குத் தொழிலாளர் கழகம் 1637-ல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காமின் சோதனைச்சாலை 1813-ல் அமைந்தது. சோதனை முத்திரை பெறாத குழலை விற்பது குற்றமென 1868-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கருமருந்துக்கு மட்டுமே முத்திரை பெற்ற குழலிற் புகையற்ற தோட்டாவை இடல் ஆகாது. தேய்த்துத் தேய்த்துத் துளை அகன்றுபோன குழல் தன் பழைய முத்திரையின் தகுதியையும் இழந்துவிடும்; அது மீண்டும் சோதனைச்சாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே வழக்கத்திலும் மிகுந்த மருந்தை இட்டு, ஆட்கள் மறைவில் நின்று, துவக்கைச் சுடுவர். பின்னர் குழல் வீங்கியிருக்கிறதா என்று அளந்து பார்த்து, வீங்காததன் மேலேயே முத்திரை குத்துவர்.