கிழக்கு–மேற்குப் பொருளாதார வழித்தடம்

மியான்மரின் மௌலமியைன் நகரில் தொடங்கி, தாய்லாந்தையும் லாவோசையும் கடந்து, வியத்நாமின் தா நாங் துறைமுகத்தில் முடியும் சாலைத் தொடர். நீளம் சுமார் 1,450 கி.மீ. ஒரு முனையில் அந்தமான் கடல், மறுமுனையில் தென்சீனக் கடல். பாதிக்கு மேல் தாய்லாந்து மண்ணில் ஓடுகிறது. புதிதாகப் போட்ட ஒரே நெடுஞ்சாலை அல்ல இது. இருந்த சாலைகளைச் செப்பனிட்டார்கள். ஆறு குறுக்கிட்ட இடத்தில் பாலம் கட்டினார்கள். பிறகு நான்கு நாட்டுச் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தப் பார்த்தார்கள். சாலையும் பாலமும் பெரும்பாலும் முடிந்தன. சட்டம் இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பகுதியின் மலைகளும் பெரிய ஆறுகளும் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக இறங்குபவை. மக்கள் குடியேற்றமும் வணிகமும் அந்தப் போக்கிலேயே சென்றன. கிழக்கு மேற்காகப் போக நினைத்தவர் மியான்மர் எல்லையில் தாவ்னா மலையையும், நடுவில் மேகோங் ஆற்றையும், வியத்நாம் எல்லையில் அன்னாமிய மலைத்தொடரையும் தாண்டியாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மேகோங் கரையிலுள்ள சவன்னகேத்திலிருந்து வியத்நாம் கடலோரத்தை நோக்கி ஒரு சாலை போடப்பட்டது. அதுதான் 9ஆம் எண் சாலை.

அந்தச் சாலை உலகச் செய்திகளில் அடிபட்டது வணிகத்தால் அல்ல, வியத்நாம் போரால். 1968இல் 77 நாள் முற்றுகைக்கு உள்ளான அமெரிக்கத் தளமான கே சான் அதன் ஓரத்தில் இருக்கிறது. லாவோஸ் பகுதியில், வட வியத்நாம் தெற்கே படையும் தளவாடமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை அதைச் செபோன் அருகே குறுக்காகக் கடந்தது. 1971இல் தென் வியத்நாம் படை இந்தச் சாலை வழியாகவே லாவோசுக்குள் புகுந்து, பேரிழப்புடன் பின்வாங்கியது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காமல் புதைந்து கிடந்தவற்றை அகற்றாமல் அங்கே சாலையோரத்தில் மண்வெட்டி வைக்க முடியாது.

போர் முடிந்த பிறகும் எல்லைகள் திறக்கவில்லை. 1988இல் தாய்லாந்துப் பிரதமரான சாட்டிசாய் சூன்ஹவன், இந்தோசீனப் போர்க்களங்களைச் சந்தைகளாக மாற்ற வேண்டும் என்று அறிவித்ததே திருப்பம். அதில் நல்லெண்ணத்தோடு கணக்கும் இருந்தது: வளர்ந்துவந்த தாய்லாந்துத் தொழில்களுக்கு மரமும் மின்சாரமும் வாங்குவோரும் தேவைப்பட்டனர். 1992இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஏற்பாட்டில் பெரு மேகோங் துணைமண்டலத் திட்டம் உருவானது. கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியத்நாம் ஆகியவற்றோடு சீனாவின் யுன்னான் மாகாணமும் சேர்ந்தது. 1998இல் மணிலாவில் கூடிய அமைச்சர்கள், தனித்தனிச் சாலைகளுக்குப் பதில் பொருளாதார வழித்தடங்களை அமைப்பது என்று முடிவெடுத்தார்கள். சாலையோரம் ஆலைகளும் சந்தைகளும் சுற்றுலாவும் வளர்ந்து, வழியிலுள்ள ஏழை மாகாணங்கள் எழும் என்பது எதிர்பார்ப்பு. கிழக்கு–மேற்கு வழித்தடம் அவற்றுள் முதன்மையான ஒன்று.

கட்டுமானத்தில் ஜப்பானின் பங்கு பெரிது. சீனா தன் தென் எல்லையிலிருந்து கீழ்நோக்கிச் சாலைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய அரசு குறுக்கு வழிக்குக் கடன் கொடுத்தது. இதை வெறும் உதவி என்று மட்டும் படிப்பது அப்பாவித்தனம். வியத்நாமில் ஹுவேக்கும் தா நாங்குக்கும் இடையே ஹை வான் கணவாயைக் குடைந்து 6.28 கி.மீ. சுரங்கச் சாலை அமைந்தது. 2005இல் திறக்கப்பட்டபோது தென்கிழக்காசியாவில் அதுவே மிக நீளமானது. தாய்லாந்தின் முக்தஹானையும் சவன்னகேத்தையும் இணைக்கும் 1,600 மீட்டர் நீளத் தாய்–லாவோ இரண்டாம் நட்புப் பாலத்தின் திறப்பு விழா 2006 டிசம்பரில் நடந்தது. அதுவரை லாரிகள் மேகோங்கைப் படகில் கடந்தன.

பாலம் வந்ததும் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. தாய்லாந்தில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. லாவோசிலும் வியத்நாமிலும் வலப்பக்கம். ஸ்டியரிங் இருக்கும் பக்கம், பாரத்தின் அளவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், சுங்கப் பிணை எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. விளைவு, எல்லையில் சரக்கை இறக்கி அடுத்த நாட்டு லாரியில் ஏற்றுவதுதான். ஒரே பெட்டி இரண்டு தடவை இறக்கி ஏற்றப்பட்டால் கூலியும் நேரமும் சேதமும் கூடுகின்றன; வழுவழுப்பான சாலை மிச்சப்படுத்திய மணிகள் எல்லைச் சாவடியில் கரைந்துவிடுகின்றன.

இதற்கு மருந்தாக எல்லை கடந்த போக்குவரத்து ஒப்பந்தம், பாலத்துக்கு முன்பே, 1999இல் லாவோஸ், தாய்லாந்து, வியத்நாம் ஆகிய மூன்று நாடுகளிடையே கையெழுத்தாகியிருந்தது. 2003க்குள் மற்ற நாடுகளும் இணைந்தன. 17 இணைப்புகளும் 3 நெறிமுறைகளும் கொண்ட அதை ஒவ்வொரு நாடாளுமன்றமும் தனித்தனியாக ஏற்க வேண்டியிருந்தது. ஓர் எடுத்துக்காட்டு போதும். லாரியை இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் சோதித்து அனுப்புவது என்று முடிவானது. கேட்க எளிது. ஆனால் ஒரு நாட்டுச் சுங்க அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் நின்று தன் நாட்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்கு அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? தாய்லாந்து இதற்கென்று 2013இல் தனிச் சட்டம் இயற்றியது. வியத்நாமின் லாவ் பாவோவும் லாவோசின் தன்சவனும் சந்திக்கும் எல்லையில் 2005இல் சோதனை முறையில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2015இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இடையில் 2009 முதல் மூன்று நாடுகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கின. அந்தச் சீட்டு குறித்த பாதைக்கு மட்டுமே செல்லும் என்பதால், பாங்காக் வரை போக வேண்டிய சரக்குக்கு முதலில் அது உதவவில்லை.

பலன்களைப் பற்றிய மதிப்பீடுகள் கலவையானவை. சவன்னகேத்தில் 2003இல் அமைந்த சவன்–செனோ சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆலைகளை ஈர்த்தது. ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 2013இல் அங்கே தொடங்கிய ஆலை, தாய்லாந்திலிருந்து பாலம் வழியாகப் பாகங்களைப் பெற்று, கேமராக்களில் ஒரு பகுதி வேலையை முடித்துத் திருப்பி அனுப்பியது. வழித்தடத்தின் கொள்கை நினைத்தபடி நடந்த அரிய இடம் இது. செபோன் சுரங்கத்தின் செம்புக்கும் செப்பனிட்ட 9ஆம் எண் சாலை பயன்பட்டது. தாய்லாந்து வாடிக்கையாளர்களை நம்பிப் பெரிய சூதாட்ட விடுதி ஒன்றும் வந்தது. அதைத் திட்ட அறிக்கைகள் வெற்றிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சாலையோரக் கிராமங்களிலோ லாரிகள் பெரும்பாலும் நிற்காமலே போயின.

சரக்கும் திட்ட வரைபடத்தைப் பார்த்து ஓடவில்லை. பாங்காக்கைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கு லாம் சாபாங் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது தா நாங்குக்குப் போகக் காரணமில்லை. 2011இல் நக்கோன் பனோம்–தாக்கேக் மூன்றாம் நட்புப் பாலம் திறந்ததும், சீனாவுக்குப் பழம் ஏற்றும் லாரிகள் வடக்கே அந்தக் குறுக்குவழிக்குத் திரும்பின. 2021 டிசம்பரில் குன்மிங்–வியந்தியான் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வடக்கு–தெற்கு இழுப்பு மேலும் கூடியது.

மேற்கு முனையின் கதை வேறு. தாய்லாந்தின் மே சோட்டுக்கும் மியான்மரின் மியாவடிக்கும் இடையே 1997இல் முதல் பாலமும் 2019இல் சரக்குக்கான இரண்டாம் பாலமும் வந்தன. தாவ்னா மலைமேல் ஒரு நாள் ஏறவும் மறுநாள் இறங்கவும் மட்டுமே வண்டிகளை விட்ட பழைய ஒற்றைப் பாதைக்கு மாற்றாக, 2015இல் தாய்லாந்தின் செலவில் கௌகரெய்க் வரை புதுச் சாலை திறந்தது. பிறகு வழித்தடத்தை யாங்கோன் அருகிலுள்ள திலாவா துறைமுகம் வரை நீட்டவும் முடிவானது. மணிப்பூரின் மோரேயிலிருந்து சுமார் 1,360 கி.மீ. ஓடிவர வேண்டிய இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலையும் மியாவடி செல்லும் வழியில் இதோடு சேர்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலர் குடியேறி வணிகம் செய்யும் ஊர் மோரே.

2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மர்ப் பகுதி போர்முனையானது. 2024 ஏப்ரலில் மியாவடியின் ராணுவ முகாம் கரேன் இனக் கிளர்ச்சிப் படைகளிடம் விழுந்தது. எல்லை ஆற்றங்கரையில் முளைத்த இணைய மோசடி வளாகங்களுக்கு ஆட்களைக் கடத்தவும் இதே சாலையும் பாலங்களும் வசதியாயின. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியாவடியில் சிக்கிய செய்தி 2022இல் தமிழ் நாளிதழ்களில் வந்தது. பலர் அப்படித்தான் அந்த ஊரின் பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டார்கள்.

இன்று நடைமுறையில் இயங்குவது மியான்மர் எல்லைக்குக் கிழக்கே உள்ள பகுதிதான். வியத்நாமின் குவாங் ட்ரி மாகாணத்தில் மி துய் என்னும் ஆழ்துறைமுகம் கட்டப்பட்டு வருகிறது. அது இயங்கத் தொடங்கினால் லாவோசிலிருந்து 9ஆம் எண் சாலையில் இறங்கும் சரக்குக்குக் கடல் இன்னும் பக்கத்தில் கிடைக்கும். ஹை வான் சுரங்கத்தைத் தாண்டித் தா நாங் வரை போக வேண்டியதில்லை.