ஜன்னலுக்கு வெளியே வைத்த சதைத் துணுக்கு

தோல் புற்றுநோய்க்கு ‘மோஸ்’ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். மருத்துவர் மெல்லிய படலமாக அறுத்தெடுத்து, கட்டுப் போட்டு உட்காரவைப்பார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்து ‘முடிந்தது’ என்பார், அல்லது ‘ஓர் ஓரத்தில் இன்னும் பாக்கி’ என்பார். அதற்குள் அந்தத் துணுக்கு பக்கத்து அறையில் உறைந்து, சீவப்பட்டு, சாயமேறி, நுண்ணோக்கியின் அடியில் போய் வந்திருக்கும். இந்த வேகத்துக்குப் பின்னால் மரவெட்டிகளும் மதுபான ஆலையும்கூட உண்டு.

சாயத்திலிருந்து தொடங்கலாம். உயிரணுக்களின் உட்கருவை நீலமாகக் காட்டும் ஹெமட்டாக்சிலின், மெக்சிகோவின் கம்பீச்சே பகுதியில் வளரும் லாக்வுட் மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது. துணிச் சாயத்துக்காக ஸ்பானியர்கள் அதைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்தக் கப்பல்களைக் கொள்ளையடித்த ஆங்கிலேயர்கள், பிறகு தாங்களே கோடரியோடு சதுப்பில் இறங்கினார்கள். உலகம் சுற்றிய வில்லியம் டாம்பியர்கூட 1670களில் அங்கே மரம் வெட்டியவர்தான்.

உறையவைக்கும் யோசனை முதலில் தோற்றது. 1891இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயியலாளர் வில்லியம் வெல்ச் மார்பகக் கட்டித் துணுக்கொன்றை உறையவைத்துச் சீவினார். அவர் முடிவு சொல்வதற்குள் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவையையே முடித்துவிட்டார். 1905 ஜனவரியில் மினசோட்டாவின் ராச்செஸ்டரில் கதை மாறியது. நோயாளி மேசையில் இருக்கும்போதே புற்றா இல்லையா என்று சொல்ல வழியுண்டா என்று அறுவை மருத்துவர் வில்லியம் மேயோ கேட்க, நோயியலாளர் லூயிஸ் வில்சன் திசுவை ஜன்னலுக்கு வெளியே குளிரில் வைத்தார். உறைந்ததைச் சீவி மெத்திலீன் நீலத்தில் தோய்த்தார். ஜெர்மன் சாயத் தொழிற்சாலையொன்றில் 1876இல் பிறந்த சாயம் அது. சில நிமிடங்களில் விடை கிடைத்தது.

இதற்கிடையே ஒரு களிம்பின் பயணம். 1850களில் வெல்டன் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர், பூர்வகுடிகளிடம் அறிந்த பிளட்ரூட் வேரைத் துத்தநாக குளோரைடோடு கலந்து, லண்டனில் புற்றுக்கட்டிகள்மேல் பூசினார். 1930களில் விஸ்கான்சின் மருத்துவ மாணவர் ஃபிரெடெரிக் மோஸ், எலிகளின் கட்டிகளில் துத்தநாக குளோரைடைச் செலுத்திப் பார்த்தபோது, திசு செத்தாலும் அதன் அமைப்பு சிதையாமல் இருப்பதைத் தற்செயலாகக் கவனித்தார். அதோடு பிளட்ரூட்டும் ஆன்டிமனித் தாதுவும் சேர்த்துக் களிம்பாக்கி, 1941இல் முறையை வெளியிட்டார். களிம்பு ஊறிய திசுவை அறுத்து, உறையவைத்துச் சீவிப் பார்ப்பார். வலி அதிகம்; அடுத்த படலத்துக்குப் பெரும்பாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். (நுண்ணோக்கியை விட்டுவிட்டுக் களிம்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் ‘கறுப்புக் களிம்பு’ இன்றும் விற்பனையாகிறது. நல்ல தோலையும் அரித்துவிடும் ஆபத்தான சரக்கு அது.)

1953இல் மோஸ் கண்ணிமைப் புற்று அறுவை ஒன்றைப் படம்பிடித்தார். களிம்புக்காகக் காத்திருந்தால் படப்பிடிப்பு தாமதமாகும் என்று, களிம்பில்லாத் திசுவையே உறையவைத்தார். அது போதுமானதாக இருந்தது! ஆனாலும் 1974இல் தோல் மருத்துவர்கள் டிராமோவிச்சும் ஸ்டெக்மனும் களிம்பில்லா முறையில் தங்கள் அனுபவத்தை வெளியிட்ட பிறகே களிம்பு ஒதுங்கியது. உறைந்த துணுக்கைக் குளிர்பெட்டிக்குள் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டுக்கு முன்னோடியோ, 1938இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையோடு தொடர்புள்ள ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்தவர்கள் உருவாக்கியது.

மோஸின் பெரிய சாதனை களிம்பும் அல்ல, குளிரும் அல்ல. துணுக்கை எந்தப் பக்கமாகச் சீவுவது என்பதுதான். செங்குத்தாக ஆங்காங்கே வெட்டிப் பார்த்தால் விளிம்பில் மிகச் சிறு பங்குதான் கண்ணில் படும். அறுத்த துணுக்கு கிண்ணம்போலக் குழிந்திருக்கும். ஆய்வக உதவியாளர் அதன் ஓரங்களில் சிவப்பு, நீல மை தொட்டுத் திசை குறிக்கிறார். லேசாகக் கீறி, தோலின் ஓரமும் அடிப்பரப்பும் ஒரே தளத்தில் படியும்படி அழுத்தி உறையவைக்கிறார். பிறகு அந்தத் தளத்திலிருந்து ஐந்தாறு மைக்ரான் கனத்தில் சீவுகிறார். சுற்றோரம் முழுவதும் ஒரே கண்ணாடித் துண்டில் வந்துவிடுகிறது.

இதில் இன்றும் படுத்துவது கொழுப்பு. தோல் நன்றாக உறையும் குளிரில் கொழுப்பு சரியாக இறுகாது; கத்தி பட்டதும் பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தில் புற்று இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் உதவியாளர் இன்னும் குளிரூட்டி, கனத்தைச் சற்றுக் கூட்டி, மறுபடி சீவுகிறார்.